புதன்கிழமைத் தண்ணீர்

வட ஈராக்கின் துஹோக் மாகாணத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம்களில் தண்ணீர் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது மீட்டர் ஏடு. செவ்வாய்க்கிழமை மாலை தொட்டி மளமளவென்று இறங்கும். புதன்கிழமை ஏறக்குறைய அப்படியே நிற்கும். பம்ப், வால்வு, குழாய்க் கசிவு என்று வழக்கமான சந்தேகங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, எங்கள் குழுவில் இருந்த யசீதி மதத்துப் பெண் சொன்னாள்: "முஹந்திஸ், நாளைக்குப் புதன். பெரியவங்க இருக்கிற வீட்டுல நாளைக்குக் குளிக்க மாட்டாங்க, துணி துவைக்க மாட்டாங்க. அதனாலதான் எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சுக்கறாங்க." முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். முகாமில் என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை தாவூசி மெலெக்கின் நாள். யசீதிகளின் நம்பிக்கையில் கடவுள் ஒருவர்தான். அவர் உலகைப் படைத்து ஏழு தேவதூதர்களிடம் ஒப்படைத்தார். அந்த எழுவரின் தலைவர் தாவூசி மெலெக், மயில் வடிவில் வணங்கப்படுபவர். நாங்கள் தொட்டி கழுவும் வேலையைப் புதன்கிழமைக்கு மாற்றினோம். அட்டவணையில் 'தேவை குறைந்த நாள்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

நிவாரண வேலையில் இந்த இடமின்மை எனக்குப் பழகிய விஷயம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தொடங்கி, நான் கற்றதெல்லாம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிற கணக்குதான். இந்தக் கணக்கு உயிரைக் காப்பாற்றுகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2014 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஐ.எஸ். பயங்கரவாதப் படை யசீதிகள் வாழும் சிஞ்சாருக்குள் நுழைந்தபோது பல்லாயிரம் பேர் தண்ணீரில்லாத மலை மேல் ஏறினார்கள். தாகத்தில் குழந்தைகள் செத்தார்கள். அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்தான். ஆனால் அவர்கள் மலையிலிருந்து வேறொன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை எங்கள் படிவங்கள் எதுவும் கேட்கவில்லை.

குளிர்காலக் கம்பளி விநியோகத்தில் ஒரு நாள். வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றிய மூதாட்டி ஒருவர், கையில் கொடுத்த கம்பளியை மேசை மேலேயே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கருநீல நிறம். பழைய வழக்கத்தில் உள்ள யசீதிகள் அந்த நிறத்தை உடுத்துவதில்லை. கீரை வகையில் லெட்யூஸ் சாப்பிடுவதில்லை என்பதும் அப்படித்தான். காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் பையன் ஏட்டில் 'பயனாளி மறுத்தார்' என்று எழுதப் போனான். நான் தடுத்து, கிடங்கில் சாம்பல் நிறம் இருக்கிறதா என்று கேட்டுவரச் சொன்னேன். இருந்தது. அந்தம்மா அதை வாங்கி, ஓரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அங்கே வயதான பெண்களை அழைக்கிற குர்துச் சொல் நம் 'தாயே' போலவே காதில் விழும். ஊர் விட்டுப் போனவனுக்கு அது என்னவோ செய்யும். ஆனால் அதை வைத்து எதையும் நிறுவ நான் வரவில்லை.

நிறுவ விரும்புகிறவர்கள் நிறைய. நான் அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார்கள். மயில் இருக்கிறது, விளக்கு ஏற்றுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள், ஆகவே இது முருக வழிபாடு என்று. அன்போடுதான் அனுப்பினார்கள். ஆனால் இந்த மக்களை நூற்றாண்டுகளாகக் கொன்றவர்கள் செய்ததும் இதே மாதிரியான வேலைதான். ஆதாமை வணங்க மறுத்த ஒரு தேவதூதன் என்றதும், குர்ஆனில் உள்ள, அப்படி மறுத்துச் சாத்தானாக வீழ்ந்த இப்லீஸின் கதையைக் கொண்டுவந்து இதன் மேல் ஒட்டினார்கள். 'சாத்தானை வணங்குகிறவர்கள்' என்று பெயர் வைத்தார்கள். யசீதிகள் சொல்லும் கதையில் அந்த மறுப்பு வீழ்ச்சியே இல்லை. கடவுளைத் தவிர யாருக்கும் தலை வணங்காதே என்ற முதல் கட்டளையை மறக்காமல் சோதனையில் தேறியவர் தாவூசி மெலெக். அதனால்தான் அவர் தலைவர். சாத்தானைக் குறிக்கும் அந்த அரபுச் சொல்லை யசீதிகள் வாயால் சொல்வதுகூட இல்லை. பகைவரும் சரி, உறவு கொண்டாடுகிறவரும் சரி, யசீதிகள் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே தங்கள் கதையை அவர்கள் மீது போர்த்திவிடுகிறார்கள். முன்னது கொன்றது. பின்னது விழுங்கும். எழுபத்திரண்டு பர்மான்களை, அதாவது தங்களை அழிக்க வந்த படுகொலைகளை, தாண்டி வந்தோம், சிஞ்சார் அதற்கடுத்தது என்று எண்ணிச் சொல்கிற ஒரு சமூகத்திடம், நீ உண்மையில் வேறொருவர் என்று யாரும் போய்ச் சொல்லக் கூடாது.

யசீதிகளின் புனிதத் தலமான லாலிஷுக்கு என்னை அழைத்துப் போனது, புதன்கிழமையைப் பற்றிச் சொன்ன அந்தச் சக ஊழியரின் குடும்பம். மோசுலுக்கு வடக்கே, ஷேக்கான் பகுதியில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. மடிப்பு மடிப்பாக மேலே கூர்ந்து செல்லும் வெள்ளைக் கூம்புகள் மரங்களுக்கு நடுவே தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த, யசீதிகள் போற்றும் ஞானி ஷேக் ஆதியின் அடக்கம் இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததுமே வெறுங்கால்தான். வாசல்படியை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். உள்ளே தூண்களில் வண்ணப் பட்டுத்துணிகள் கட்டியிருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு முடிச்சுப் போட வேண்டும். அதற்கு முன் வேறு யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் அவர் வேண்டியது பலிக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் வேண்டுதலை அவிழ்க்கிற கடமை எனக்கு ரொம்பப் பிடித்தது. மாலையில் ஆலிவ் எண்ணெயில் திரிகளை நனைத்து இடம் இடமாக ஏற்றினார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கல்தரை காலில் ஒட்டியது.

கதவுக்கு அருகே சுவரில் ஒரு பாம்பு, செங்குத்தாக, கன்னங்கரேலென்று. அதன் கதையை ஒரு பீர் சொன்னார். பீர் என்பது அவர்களுடைய குருமரபுகளில் ஒன்று. வெள்ளம் வந்தபோது நோவாவின் கப்பல் சிஞ்சார் மலை முகட்டில் மோதி ஓட்டையானது. தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. அப்போது இந்தப் பாம்பு தன் உடம்பைச் சுருட்டி அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடந்தது. கப்பல் மிதந்து ஜூதி மலையில் போய் நின்றது. என் வாழ்நாளில் பாதியைக் கசிவடைப்பதில் கழித்த எனக்கு இந்தக் கதையை விட்டு நகர முடியவில்லை. அதிலும் கப்பல் உடைந்த இடம் சிஞ்சார். சொல்லிக்கொண்டிருந்த பீரும் சிஞ்சார்க்காரர். 2014 ஆகஸ்டில் லாலிஷின் கூடங்களிலும் மரத்தடிகளிலும் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர். கப்பலைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் புராணம் சொல்கிற தொனியே இல்லை. பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

லாலிஷ் எப்படி உண்டானது என்பதற்கும் அவர்களிடம் ஒரு பாட்டு உண்டு. ஆதியில் ஒரு வெண்முத்து. அது வெடித்துக் கடல் பெருகியது. நிலம் இல்லை. கடவுள் உறையை இட்டார், கடல் உறைந்து நிலமானது. அந்த உறை விழுந்த இடம் லாலிஷ். ஆடு மேய்த்துத் தயிர் தோய்த்து வாழ்ந்தவர்கள் உலகத் தோற்றத்தை வேறெப்படி நினைப்பார்கள்? அந்த மண்ணை அங்குள்ள ஊற்றுநீரில் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி வைத்துக்கொள்வார்கள். பெராத் என்று பெயர். முகாமில் பல வீடுகளில் அடையாள அட்டையும் பெராத்தும் ஒரே துணிப்பையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குர்து நிலம் முழுக்க இதுபோன்ற பழைய ஓடைகள் பல. முஸ்லிம் குர்து நண்பர்களோடு மார்ச் 20 மாலை அக்ரே ஊருக்குப் போனேன். நவ்ரோஸ் புத்தாண்டுக்காகத் தீப்பந்தங்களோடு இளைஞர்கள் மலை ஏறினார்கள். அந்த விழாவுக்கு ஒரு கதை உண்டு. தோளில் இரண்டு பாம்புகள் முளைத்த கொடுங்கோலன் ஸஹ்ஹாக், அவற்றுக்குத் தினம் இரண்டு இளைஞரின் மூளையை இரையாகக் கேட்டான். சமையற்கட்டில் இருந்தவர்கள் ஆட்டு மூளையைக் கலந்து, இருவரில் ஒருவரைத் தப்பவிட்டு மலைக்கு அனுப்பினார்கள். அப்படித் தப்பியவர்களின் வழிவந்தவர்களே குர்துகள். கடைசியில் கொல்லன் காவா எழுந்து அவனை வீழ்த்தினான். எல்லோரும் காவாவைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தச் சமையல்காரர்கள்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். இருக்கிற நிலைமைக்குள் நின்று, நாளுக்கு ஒருவரைக் காப்பாற்றியவர்கள்.

மழை பொய்த்த ஒரு வசந்தத்தில் எங்கள் ஓட்டுநர் 'பூகா பாரானே' பற்றிச் சொன்னார். மழை மணப்பெண் என்று ஒரு பொம்மை. மரக்கரண்டிக்குத் துணி சுற்றிச் செய்து, பிள்ளைகள் வீடு வீடாகத் தூக்கிப் போவார்கள். வீட்டுக்காரி பொம்மை மேல் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பாள். அவர் தொழுகை தவறாதவர். இதையும் தவறாமல் செய்து வளர்ந்தவர். கணக்குப் பிரிவில் இருந்த, காக்காயி என்ற சிறு மதத்தைச் சேர்ந்த நண்பர் தன் மதத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அவர்களுக்கு அது இரகசியம் காக்கும் மரபு. சுல்தான் சஹாக்கைப் போற்றுகிறவர்கள், ஜம் என்ற கூடுகையில் தம்பூர் மீட்டிப் பாடி, உணவைச் சரிசமமாகப் பங்கிடுகிறவர்கள் என்பது வரை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

யசீதிப் புத்தாண்டு ஏப்ரலில் வரும் சிவப்புப் புதன், சார்ஷெமா சோர். பழைய கிழக்கு நாட்காட்டியின் ஏப்ரல் முதல் புதன் என்பதால், நம் காலண்டரில் 14-ஆம் தேதியிலோ அதையடுத்த ஆறு நாட்களுக்குள்ளோ விழும். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. ஏப்ரலே வருடத்தின் மணப்பெண், அவளுக்குப் போட்டியாக இன்னொரு மணப்பெண் கூடாது. பெண்கள் உணவு எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்குப் போவார்கள். முகாமில் அந்தக் காலை நான் பார்த்தது இதுதான்: ஒரு சிறுமி வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டைகளை உரித்து, செம்பழுப்பு ஓடுகளைத் தட்டில் சேர்க்கிறாள். பாட்டி மண்ணைக் குழைக்கிறாள். வெளியே புல்வெளியில் பறித்த சிவப்புக் காட்டுப்பூக்கள். வீடாக இருந்தால் வாசல் நிலைக்கு மேலே அப்ப வேண்டும். இவர்களுக்கோ கூடாரம். மண் துணியில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பாட்டி மறுபடி அப்பினாள், மறுபடி விழுந்தது. சிறுமியின் அண்ணன் கூடாரக் கம்பத்தில் ஒரு பலகைத் துண்டைக் கம்பியால் கட்டினான். அதில் அப்பினார்கள். நின்றது. அடுத்த ஆண்டு அந்தத் தேதிக்கு முன்பே, எங்கள் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பலகைகளை அறுத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வைத்தோம். பெட்டி அன்றைக்கே காலியாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வலிக்கிற இடத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. யசீதி மரபில் ஷேக், பீர் என்ற குருமரபுகள், முரீத் என்ற பொதுமக்கள் என மூன்று பிரிவுகள். பிரிவு தாண்டிக் கல்யாணம் கூடாது, மதம் தாண்டிக் கூடவே கூடாது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போனவர் திரும்ப முடியாது. அப்படிப்பட்ட மரபில், ஐ.எஸ். பிடியிலிருந்து மீண்ட பெண்களை ஏற்போம் என்று யசீதிகளின் ஆன்மிகத் தலைவரான அன்றைய பாபா ஷேக் அறிவித்தார். மீண்டு வந்தவர்கள் லாலிஷின் வெள்ளை ஊற்றில் மீண்டும் நீராட்டப்பட்டார்கள். பழைய விதியை ஒரு முதியவர் கருணையால் திறந்த அந்தச் செயலை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்குச் சிறையில் பிறந்த குழந்தைகளுக்குக் கதவு திறக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஆன்மிகக் குழு ஏற்பதுபோல ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில நாட்களிலேயே அக்குழந்தைகளை அது குறிக்காது என்று விளக்கம் வந்தது. ஈராக்கின் சட்டமும் தந்தை முஸ்லிம் என்றால் குழந்தையை முஸ்லிமாகத்தான் பதிவு செய்யும். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதி மாற வேண்டும் என்று விரும்புகிறேன். அதை மாற்றும் உரிமை எனக்கில்லை என்பதும் தெரியும்.

இந்த மதத்துக்குப் புத்தகம் பெரிய பலமில்லை. அதன் உயிர் கவ்வால்கள் பாடும் கவுல் பாடல்களில் இருக்கிறது. பஷிகா, பஹ்ஸானி ஊர்களின் கவ்வால் குடும்பங்கள் தஃப் என்ற பறை கொட்டி, குழலூதி, தலைமுறை தலைமுறையாக வாயால் கடத்தியவை. 1970-களின் இறுதியில்தான் அவற்றை யசீதிகளும் குர்து அறிஞர்களும் தொகுத்து பாக்தாதிலும் யெரெவானிலும் அச்சேற்றினார்கள். கவ்வால்கள் சஞ்சக் என்ற, மயில் உருவம் தாங்கிய வெண்கலப் புனிதச் சின்னத்தோடு ஊர் ஊராகப் போவார்கள். ஊர்கள் கலைந்தால் யாரிடம் போவார்கள்? 2015-16-ல் ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் சுமார் 1,100 பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டது. அது தேவைப்பட்ட உதவி. முகாமில் எஞ்சியவர்களின் பேச்சு அதற்குப் பிறகு பாதி ஜெர்மனியைப் பற்றித்தான்.

வேலையை விட்டு வரும்போது, எனக்குப் பிறகு வருகிறவருக்காக ஒப்படைப்புக் கோப்பு எழுதினேன். பம்ப் திறன், கிணற்று ஆழம், குளோரின் அளவு எல்லாம் வழக்கம்போல. அதோடு ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். தொட்டி கழுவுவது புதன்கிழமை. கருநீலக் கம்பளி வாங்க வேண்டாம். தண்ணீரிலும் மண்ணிலும் தீயிலும் எச்சில் துப்புவது இவர்களுக்குப் பாவம், சுகாதாரப் பிரசாரத்தை அங்கிருந்தே தொடங்கலாம். ஏப்ரலுக்கு முன் பலகை அறுத்து வைக்கவும். சிஞ்சாருக்குத் திரும்புகிறவர்களின் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன், அந்த ஊரின் புனித மரமும் ஊற்றும் எங்கே என்று பெரியவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்கவும். அலுவலகத்தில் ஒருவர், இந்தப் பக்கம் தொழில்நுட்ப ஆவணத்தில் வரலாமா என்று கேட்டார். வரும் என்றேன். மீட்டர் ஏட்டின் நகலை அதற்கு ஆதாரமாகப் பின்னிணைப்பில் வைத்தேன்.