பிலா மரத்தடியில் ஒரு காட்டுக் கோரை

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பிலா மரத்தடியில் பத்துக்குப் பத்து இடம் சும்மாவே கிடந்தது. வெயில் எட்டிப் பார்க்காது, மண்ணைத் தோண்டினால் வேர், மேலே சருகு. கொரியன் புல் வாங்கிப் பதித்தேன், மூன்று மாதத்தில் மஞ்சளாகிப் போயே போச்சு. அதுக்கு மேல் செலவு பண்ண மனசு வரவில்லை.

போன ஆனிச் சாரலில் குலசேகரம் பக்கம் மாமாவின் ரப்பர் விளைக்குப் போயிருந்தேன். விளையின் கீழ்க்கோடியில் ஒரு ஓடை. அதன் கரையில், பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு அடர்பச்சையாக ஒரு கூட்டம் நின்றது. புல் என்று நினைத்துத் தண்டை விரலிடையே உருட்டினால் உருளவில்லை, மூன்று விளிம்பும் விரலில் தட்டுப்பட்டது. கோரைக் குடும்பம்தான். இலை இரண்டு விரல் அகலம்கூட இல்லை, நீளத்துக்கு மூன்று நரம்பு எழும்பி, காகிதத்தை மடித்துப் பிரித்ததுபோல் இருந்தது. நுனியில் பழுப்பு நிறத்தில் பூக்கொத்து, அதை அழகு என்று சொல்ல மாட்டேன். அழகெல்லாம் இலையில்தான்.

தாவரவியல் படிப்பிக்கிற நண்பரிடம் காட்டினேன். ஹைப்போலைட்ரம் நெமோரம் என்றார். 'நெமோரம்' என்றால் லத்தீனில் 'தோப்புகளுடைய' என்று அர்த்தமாம். நம்மூர்க் காவுகளை, சாமிக்கென்று விட்டுவைத்த தோப்புகளை, நினைத்துக்கொண்டேன். இலங்கை, மலேசியா வரைக்கும் நிழல்காட்டு ஓடைகளில் இருக்கிற செடி இது. மாமாவுக்கோ எல்லாமே கோரை, "வேணும்னா முழுசையும் கொண்டு போ மக்கா, எனக்கு வெட்டுற வேலை மிச்சம்" என்றார்.

வெட்டுகத்தியால் ஒரு தூரை நாலாகப் பிளந்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். இரண்டை முன்வாசலில் பூச்சட்டியில் வைத்தது என் முட்டாள்தனம். நாலு நாள் வெயிலில் நுனியெல்லாம் கருகிவிட்டது. பிலா மரத்தடியில் வைத்த இரண்டும் அப்படியே பிடித்துக்கொண்டன. துளசித் தொட்டி கழுவுகிற தண்ணீர் அந்தப் பக்கம் வடிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஈரம் இல்லாவிட்டால் இது நிற்காது.

மயினி வந்து பார்த்துவிட்டு, "பறிச்சுப் போட வேண்டியத வச்சு வளக்கியா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முத்தக்காசுக் கோரையோடு மல்லுக்கட்டினவர்களுக்கு எல்லாக் கோரையும் எதிரிதான். அது மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி போட்டுக்கொண்டு போகும், ஒன்றைப் பிடுங்கினால் மற்றது முளைக்கும். இந்தக் காட்டுக் கோரை தூர் கட்டி மெதுவாகத்தான் பரவுகிறது. அதைவிட வேடிக்கை, மயினி வீட்டு மீன் தொட்டி ஓரத்தில் அம்ப்ரெல்லா பாம் என்று காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாரே, அது பனையும் இல்லை ஒன்றும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோரை. சொன்னதும் முகத்தைப் பார்க்கணுமே.

அமெரிக்காவில் பென்சில்வேனியா கோரை என்று ஒன்றை, ஓக் மரக் காடுகளில் தானாக வளர்வதை, நிழலில் புல்தரைக்குப் பதிலாகவே வளர்க்கிறார்கள். ஜப்பானில் ஓரத்தில் மஞ்சள் கோடு ஓடுகிற காட்டுக் கோரைகள் உண்டு, அவற்றை உலகமெல்லாம் சட்டியில் வைக்கிறார்கள். நம்ம நர்சரிகளில் உள்ளூர்க் காட்டுக் கோரை ஒன்றையாவது நான் கண்டதில்லை.

அதுக்காகக் கீரிப்பாறை, காளிகேசம் என்று சரணாலயக் காட்டுக்குள் போய்ப் பிடுங்கிவராதீர்கள். சரணாலயத்தில் செடி எடுப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் விளையில் கேட்டுப் பாருங்கள், ஓடைக்கரையில் ஒரு தூராவது இருக்கும். மழை தொடங்கினபிறகு பிளந்து நட்டால் போதும், இலையைப் பாதியாக வெட்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வாடிவிடும்.

இலை விளிம்பு மட்டும் கவனம். நடைபாதையை ஒட்டி வைத்திருந்தேன், பிள்ளை ஓடுகிறபோது கணுக்காலில் கீறிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டிருக்கிறேன்.