பழைய ரோட்டரி ஸ்லாஷர்: பிரித்து, பழுது பார்த்து, தோப்பில் ஓட்டிய குறிப்பு

இயந்திரம்: ஐந்தடி அகலம் வெட்டும் ரோட்டரி ஸ்லாஷர், அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல், களை வெட்டும் கருவி. நடுவில் ஒரே கியர் பாக்ஸ், இரண்டு பிளேடு, ஷியர் போல்ட் (அதிக அடி பட்டால் தானே அறுகிற போல்ட்) வைத்த பி.டி.ஓ ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு). இழுப்பது 42 ஹெச்.பி. டிராக்டர். பொள்ளாச்சிப் பக்கம் 25 அடி இடைவெளித் தென்னந்தோப்பில் புல்லும் பார்த்தீனியமும் வெட்ட வேண்டும்.

மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தது. பழைய ஸ்லாஷரின் நிலைமை அடியில்தான் தெரியும். ஹைட்ராலிக்கில் தூக்கியபடியே அடியில் கை விடக் கூடாது. லிவரில் யார் கையாவது பட்டால் முந்நூறு கிலோ இரும்பு இறங்கிவிடும். டிராக்டரை விட்டுக் கழற்றி, நான்கு மூலையிலும் கனமான மரக்கட்டை அடுக்கி, அதன் மேல் உட்கார வைத்தோம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், திடீரென்று நொறுங்கும்.

முதல் நாள்

முதலில் ஷியர் போல்ட்டைப் பார்த்தோம். போல்ட் தலையில் 8.8 என்று முத்திரை, அதாவது ஹைடென்சில் எனப்படும் கடினமான தரம். பாதிக் கோளாறுக்கு இதுவே காரணம். பிளேடு கல்லில் மோதினால் அந்த அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். மேனுவல் சொல்லும் மென்மையான இரும்புப் போல்ட் இருந்தால் அது அறுந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஹைடென்சில் போட்டால் அறாது. அடி கியர் பல்லுக்கும் பேரிங்குக்கும் யுஜே கிராஸுக்கும் (ஷாஃப்ட் மடங்கும் மூட்டில் உள்ள சிலுவைத் துண்டு) போகும். இதில் போயிருந்தது: யோக்கின் (ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கவை) போல்ட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினாலே ஆட்டம் தெரிந்தது.

இன்னொன்று, யோக் துருப்பிடித்து ஷாஃப்ட்டோடு இறுகிப் போயிருந்தது. போல்ட் அறுந்தால் யோக் சும்மா சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் சரியான போல்ட் போட்டும் பயனில்லை. டீசலில் ஊற வைத்துக் கழற்றி, எமரி தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினோம். துளை தேய்ந்த யோக்கை மாற்றிவிட்டு, மேனுவல் குறித்த 4.6 தரப் போல்ட் பத்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டாயிற்று. கையிருப்பு இல்லாதபோதுதான் கிடைத்த போல்ட்டை மாட்டத் தோன்றும்.

ஷியர் போல்ட்டுக்குப் பதில் கிளட்ச் தட்டு வைத்த ஷாஃப்ட் என்றால், மழைக்காலம் முழுக்க நின்ற தட்டுகள் ஒட்டிப் போயிருக்கும். ஸ்பிரிங் நட்டுகளைச் சம அளவு தளர்த்தி, தட்டுகளின் மேல் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு, இரண்டு மூன்று நொடி ஓட்டி நிறுத்துங்கள். கோடு உடைந்தால் தட்டு வழுக்கியிருக்கிறது. பிறகு, தளர்த்திய சுற்றுகளை எண்ணி வைத்து, நட்டைப் பழைய இடத்துக்கே இறுக்கலாம்.

இரண்டாம் நாள்: கியர் பாக்ஸ்

திறந்தால் ஆயிலுக்குப் பதில் சாதா கிரீஸ். சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது என்று யாரோ அடைத்துவிட்டார்கள். இது ரொம்பக் கெடுதல். கியர் சுற்றும்போது கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும். மேல் பேரிங்குக்குத் திரும்பி வராது. அந்தப் பேரிங் நீலம் பாரித்திருந்தது. சூட்டுக்கு அதுவே சாட்சி.

கீழ் ஆயில் சீலை ஒட்டி ஷாஃப்ட்டில் நைலான் கயிறும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் சுற்றி, உருகி, சீலின் உதட்டைத் தின்றிருந்தன. அதைக் கத்தியால் அறுத்து எடுத்த பிறகு ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டியது, அதாவது பள்ளம் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் புதுச் சீல் போட்டால் ஒரு வாரம் தாங்காது. இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்க்கும்படி அடித்து இறக்கினோம். அளவு பழைய சீலின் மேலேயே இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன்.

சீலை மாற்றுகிற பலரும் மேலே உள்ள பிரீதரை (காற்று போய் வரும் சிறு மூடி) மறந்துவிடுகிறார்கள். அது மண் அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எந்தப் புதுச் சீலையும் பிதுக்கி ஆயிலை வெளியே தள்ளும். டீசலில் கழுவி ஊதிவிட்டோம். இன்புட் பேரிங்குகளும் மேல் பேரிங்கும் புதிது. 90 நம்பர் கியர் ஆயில் லெவல் போல்ட் துளையில் எட்டும் வரை ஊற்றி, கால் மணி விட்டு மறுபடி பார்த்ததில் இன்னும் கொஞ்சம் பிடித்தது.

மூன்றாம் நாள்: பிளேடு

ஒரு பிளேடு முனை உடைந்தது, மற்றது நன்றாக இருந்தது. ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். இந்தப் பெட்டியின் விகிதம் 1:1.47, பி.டி.ஓ 540 சுற்றில் பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 794 சுற்று. முனையின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். ஒரு முனையில் 100 கிராம் குறைந்தால், ஐம்பது கிலோ எடை நொடிக்கு 13 தடவை சுற்றிச் சுற்றிப் பேரிங்கை இழுப்பதற்குச் சமம்.

உடைந்த பிளேடை வெல்டிங் வைக்கவே கூடாது. பதப்படுத்திய இரும்பு அது; வெல்டிங் சூட்டில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நொறுங்கி, துண்டு தோட்டா மாதிரிப் பறக்கும். விளிம்பைச் சவரக் கத்தி போலத் தீட்டவும் வேண்டாம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு போதும். மேல்பக்கம் மட்டும், பழைய சாய்விலேயே.

பிளேடு போல்ட்டும் நட்டும் புதிது. மேனுவல் 600 நியூட்டன் மீட்டர் கேட்டால், ஒரு மீட்டர் நீளக் குழாய் மாட்டி அதன் முனையில் 60 கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும். இறுக்கிய பிறகும் பிளேடு கையால் தள்ளினால் தாராளமாக ஆட வேண்டும். கல் பட்டால் பின்னால் மடங்குவது அப்படித்தான்.

மேல்தகட்டு விரிசலை வெல்டிங் வைத்தபோது எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டினோம். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்க் குண்டுகளில் புள்ளி விழும். முன்னும் பின்னும் அறுந்துபோன சங்கிலித் திரையும் புதிதாகத் தொங்கவிட்டாயிற்று.

நான்காம் நாள்: மாட்டியது

ஷாஃப்ட் நீளத்தை ஸ்லாஷரை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். மிகவும் குறுகும் நிலையில் முனைக்கு 25 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும், மிகவும் நீளும் நிலையில் குழாய் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். டிராக்டர் சிங்கிள் கிளட்ச் (சக்கரத்துக்கும் பி.டி.ஓவுக்கும் ஒரே கிளட்ச்) என்றால் ஓவர் ரன்னிங் கப்ளர் (சுழற்சியை ஒரு திசையில் மட்டும் கடத்தும் இணைப்பு) கட்டாயம். இல்லாவிட்டால் கிளட்ச்சை மிதித்தாலும் பிளேடின் சுழற்சி கியர் வழியாக டிராக்டரை முன்னே தள்ளும். கப்ளர் கூடுதல் நீளம் எடுக்கும் என்பதால் ஷாஃப்ட்டை மறுபடி அளந்தோம்.

பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தது. உறை மாட்டாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டவில்லை. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. பத்து செ.மீ. விட்டமுள்ள யோக் ஒரு நொடியில் இரண்டே முக்கால் மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுதும் போக ஒரு நொடி ஆகாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம்.

டிராக்டரையும் ஸ்லாஷரையும் மேலே இணைக்கும் டாப் லிங்க்கைத் திருகி, முன்பக்கம் பின்பக்கத்தை விட இரண்டு செ.மீ. தாழ வைத்தோம். சமமாக வைத்தால் வெட்டின புல்லையே பின்பாதியில் மறுபடி வெட்டி இன்ஜின் திணறும்.

ஓட்டம்

ஓட்டுவதற்கு முன் தோப்பை நடந்து பார்த்து மட்டை, கல், கம்பி பொறுக்கி, சொட்டுநீர்க் குழாய்களை மரத்தடிக்கு ஒதுக்கி, போர்வெல் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டினோம். ஆள், ஆடு, மாடு நூறு மீட்டருக்குள் கிடையாது. குறைந்த ரேசில் பி.டி.ஓ போட்டு, மெதுவாக 540 குறிக்கு ஏற்றி, லோ கியரில். வெட்டும் உயரம் பத்து செ.மீ. திரும்பும்போது அதிகம் தூக்கக் கூடாது; கோணம் கூடினால் கிராஸ் தடதடக்கும். நிறுத்தும்போது ரேசைக் குறைத்து, பி.டி.ஓ எடுத்து, பிளேடு நிற்கும் வரை சீட்டிலேயே உட்கார்ந்து, சாவியைப் பிடுங்கிய பிறகே இறங்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஓடியது. ஷியர் போல்ட் ஒரு தடவை, மண்ணில் புதைந்த தென்னை வேர்க்கட்டையில் அறுந்தது. யோக் சும்மா சுற்றியது, கியர் பாக்ஸில் சத்தமில்லை. பெட்டி கை வைக்கிற சூடுதான். கீழ்ச் சீல் காய்ந்தே இருக்கிறது. பிளேடு தட்டைப் பிடிக்கும் நடு நட்டு மட்டும் கால் சுற்று இறங்கியது. இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டாயிற்று. எட்டு மணி நேரம் ஓடியதும் கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும்போது அதே நட்டை மறுபடி பார்க்க வேண்டும்.