உமரி பறித்த நாட்கள்

ஜனவரி 19, ஞாயிறு

வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம், வாய்க்கால் கரை முழுக்க உமரி, உப்பு மண்ணில் வளரும் கீரை, தளதளவென்று நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் உப்பு கொஞ்சம் தணிந்ததும் முளைத்தது. வெயில் ஏறினால் சிவந்து முற்றிவிடும். ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பாயி முறத்தில் கொட்டிப் பார்த்து, பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார்.

"உமரின்னா எல்லாம் ஒண்ணா பாப்பா?"

ஒன்று ஆள் உயரத்துக்குப் புதராக வளர்வது. இன்னொன்றில் இலையே தெரியாது, தண்டு மட்டும் கணுக்கணுவாக இருக்கும். எங்கள் வீட்டில் சமைப்பது மூன்றாவது: முழங்காலுக்குக் கீழே நிற்கும், ஊசி போன்ற இலை. ஓர் இலையை எடுத்து விரலில் உருட்டச் சொன்னார். மேல்பக்கம் தட்டை, அடிப்பக்கம் உருண்டை. நகத்தால் கிள்ளினால் தண்ணீர் துளிர்க்கிறது, நாக்கில் வைத்தால் கடல்.

ஜனவரி 22, புதன்

ஒரு தடவை வேகவைத்து வடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கரிப்பு. இரண்டாவது தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்து, கையால் பிழிந்தபின்தான் சரியாக வந்தது. சின்ன வெங்காயம், வரமிளகாய், வெந்த பாசிப்பருப்பு, தேங்காய்ப்பூ. உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை. சோற்றோடு பிசைந்தால் இலை பல்லில் மெதுவாக நொறுங்குகிறது. அப்பாயிக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதனால் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

கோடியக்கரை போய்வந்தோம். 1967 முதல் சரணாலயம். அங்கே இலையைக்கூடப் பறிக்கக்கூடாது, பறிக்கவும் இல்லை. பாலை மரங்களைப் பார்த்ததும் அப்பாயிக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது. கோடையில் பாலைப்பழம் தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்.

திரும்பும் வழியில் ஒரு வேலியோரம் காய்ந்த கொடி. அடியில் மண் சரிந்து கிழங்கு தெரிந்தது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துக் குனிந்தேன். அப்பாயி கையைப் பிடித்து இழுத்தார். கண்வலிக்கிழங்கு, செங்காந்தள் கொடியின் கிழங்கு! பூத்திருந்தால் குழந்தைக்கும் தெரியும். பூ இல்லாவிட்டாலும், இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றியிருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தை மாதத்தில் பூவும் இல்லை, இலையும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சுவது கிழங்கு மட்டும், அதிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும் என்பதை இன்று மனதில் ஏற்றிக்கொண்டேன். கொடி காய்ந்தபின் எந்தக் கிழங்கையும் நானாகத் தோண்டமாட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இறால் குட்டைத் தண்ணீர் வடியும் ஓடையருகே உமரி இன்னும் செழிப்பாக இருந்தது. அப்பாயி வேண்டாம் என்றுவிட்டார். நியாயம்தான். தண்ணீரில் உள்ளதைச் செடி இழுத்துக்கொள்ளும். குட்டையில் என்ன மருந்து கலந்தார்களோ, நமக்குத் தெரியாது. பழைய வாய்க்கால் கரைக்கே போனோம். வேரோடு பிடுங்காமல், இரண்டு விரற்கடை நுனி மட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போன வாரம் கிள்ளிய இடங்களில் பக்கத்துக்கொன்றாகப் புதுத் தளிர், அரிசி நீளம்தான். இன்றைக்கு அவற்றைத் தொடவில்லை. கரையின் மறுபக்கம் போய் இரண்டு கைப்பிடி பறித்து வந்தோம். அப்பாயி சென்னாக்குன்னியை, அந்தப் பொடி இறாலை, வறுத்துவைத்திருக்கிறார், உமரியோடு சேர்த்து வதக்க.