‘சவுண்ட் அண்ட் கலர்’ குறித்து என் தரப்பு

அமெரிக்க ராக் இசைக்குழுவான அலபாமா ஷேக்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘சவுண்ட் அண்ட் கலர்’ என்ற இந்தப் பாடல் தொகுப்பைப் பற்றி நண்பர்களிடையே நடக்கும் விவாதத்தில் நானும் கலந்துகொள்கிறேன். 2012-இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பில் இருந்த நேரடியான ப்ளூஸ் ராக், அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை கலந்த ராக், இதில் நீர்த்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் புரிகிறது, ஆனால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனின் மெல்லிய ஒலியில் தொடங்கும் முதல் பாடலே, இவர்கள் பழைய இடத்திலேயே நிற்கப்போவதில்லை என்பதை அறிவித்துவிடுகிறது. ‘டோன்ட் வான்னா ஃபைட்’ பாடலில், கிதாரின் தொடக்க மெட்டுக்குப் பிறகு, சொற்கள் பிறப்பதற்கு முன்பே குழுவின் பாடகி பிரிட்டனி ஹாவர்டின் தொண்டையிலிருந்து கீச்சென்று எழும் அந்த ஒலியில், களைப்பும் கோபமும் ஒருசேர வெளிப்படுகின்றன. ‘கிம்மி ஆல் யுவர் லவ்’ இன்னும் துணிச்சலானது: முணுமுணுப்பிலிருந்து சட்டென்று பெருங்குரலுக்குத் தாவி, பின்பாதியில் தாளத்தின் நடையையே மாற்றிக்கொள்கிறது. சோல் இசையின் உருக்கமும் ராக்கின் முரட்டுத்தனமும் ஒரே குரலுக்குள் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அபூர்வம்.

கிராமி விருதுகளில் இதைச் சிறந்த ஆல்டர்நேட்டிவ் (மாற்று இசை) தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வகைப்பாடு எனக்கு முக்கியமில்லை. இதில் ஆறு நிமிடங்களைத் தாண்டும் ‘ஜெமினி’ பாடல் சலிப்பூட்டுகிறது என்பவர்கள், அதை நல்ல ஹெட்ஃபோனில், அடியில் ஓடும் பேஸ் கிதாரைப் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.