கத்திரி வெயிலில் ஹெரால்டு வேலை

என் தொழில் பழைய கார் மெக்கானிக். எனக்கென்று ஷெட் கிடையாது. கார் எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுப் போர்டிகோதான் ஷெட்.

சென்னையில் அம்பாசடரோ பியட்டோ ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் அதை ஷெட்டில் விடப் பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய காரைப் பிரித்துப் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பிரேக்கில் இருக்கிற ஒரு வீல் சிலிண்டர் கிட்டுக்காக ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காமல் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடி, அங்கேயும் இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஷெட்காரர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க விடுவாரா? வெளியே தள்ளிவிடுவார். வெளியே நிற்கிற காரிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதற்கு வீடே மேல். கழற்றிய பாகங்களை அந்த வீட்டுப் பாட்டிகூடக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பார்.

வீட்டில் வைத்து வேலை செய்ய ஹெரால்டைப் போலத் தோதான வண்டி இல்லை. அது நம்ம ஊர்க் காரும்கூட. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் வந்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, 1959-ல் அங்கே வெளிவந்தது. வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சிசி இன்ஜின். நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில்கூடக் கிடையாது, இங்கே மட்டும்தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்துகொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிப்போட்டுவிட, டிரையம்ப்காரர்கள் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தனியாக வைத்து, பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அவர்களுக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு, எங்களுக்கு வரம். பானட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம்.

ரிப்பேர் புத்தகம் டிரையம்ப் கம்பெனியின் ஊரான கவென்ட்ரியில் எழுதியது. எதைக் கழற்றியபின் எதைக் கழற்றுவது என்று வரிசையாக, அழகாகச் சொல்லும். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லாது. சென்னையில் மே மாதத்தில் அதுதான் முதல் கேள்வி.

விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம். 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வெயில் ஏற ஏற அது இறங்கும். மதியம் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் சூடு கொஞ்சம் தணிந்து ஈரம் மறுபடி ஏறும். மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக இருந்து கடற்காற்றைத் தடுத்துவிட்டால் அன்று தொலைந்தோம். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் ஸ்பேனரை வெயிலில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய கார் என்றாலே வயசாகி இற்றுப்போனது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை வயசை விட உப்பும் ஈரமும்தான் வண்டியைத் தின்கின்றன. ஒரே காலத்து ஹெரால்டு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகரில் நின்றதன் சேஸிஸ் விரலால் குத்தினால் பொத்துக்கொள்ளும். அம்பத்தூரில் நின்றது சுத்தியலால் தட்டினால் மணியாக ஒலிக்கும். கடற்கரையில் காற்றோடு வருகிற உப்புத் தூசி தகட்டில் படிந்து கிடக்கும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். இரவு முழுக்கத் தகடு உப்புத் தண்ணீரில் ஊறும். அதன்மேல் பிளாஸ்டிக் கவர் வேறு போட்டு மூடி வைப்பார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கவரைத் தூக்கி எறியுங்கள், பருத்தித் துணி போடுங்கள், கீழே மண்தரையாக இருந்தால் சிமென்ட் போடுங்கள் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொல்லிவிடுவேன். மண்ணிலிருந்து கிளம்புகிற ஈரம் நேரே சேஸிஸுக்குத்தான் போகிறது.

ஆகவே, உப்புத்தாள் போட்டுத் தகட்டை வெளுக்க வைக்கிற வேலையை நான் காலையில் சீக்கிரம் தொடங்குவதில்லை. பத்து மணிக்கு மேல் தேய்ப்பு, அன்று மதியத்துக்குள் பிரைமர். தேய்த்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலை தகடு முழுக்க மஞ்சள் பூத்திருக்கும், மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். பிஸ்டன் ஓடுகிற இன்ஜின் குழாயை, போர் என்போம், பெட்ரோலில் துடைத்துப் பளிச்சென்று வைத்தாலும் இதே கதைதான். கழுவிய கையோடு எண்ணெய் தடவ வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து தடவலாம் என்பதெல்லாம் இந்த ஊரில் ஆகாது.

வியர்வையும் உப்புத் தண்ணீர்தான். கிராங்க் ஷாஃப்டின் பாலிஷ் போட்ட பகுதியை வெறும் கையால் பிடித்தால் மறுநாள் விரல் ரேகை துருவாக எழுந்து நிற்கும். எல்லார் கையும் ஒரே மாதிரி இல்லை. சிலர் தொட்டால் ஒன்றும் ஆகாது, சிலர் தொட்டால் கண்டிப்பாகத் துரு. நான் தொழில் கற்ற மேஸ்திரி ஷெட்டுக்குப் புதுப் பையன் வந்தால் ஒரு பேரிங்கை அவன் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் அதை எடுத்துப் பார்ப்பார். “இவனுக்கு உப்புக் கை, டிங்கரிங் பக்கம் அனுப்பு” என்பார். ஏதோ சாங்கியம் என்று அப்போது நினைத்தேன். பேரிங் செய்கிற தொழிற்சாலைகளிலும் இது தெரிந்த சங்கதி என்று பின்னால்தான் தெரிந்தது.

பிரேக் ஆயில் இன்னும் மோசம். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கு வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவே 155 டிகிரிதான். டப்பாவைத் திறந்து பாதியை ஊற்றிவிட்டு மீதியை அலமாரியில் வைப்பது சென்னைக்குச் சரிவராது. சின்ன டப்பாவாக வாங்கி, அன்றே தீர்த்து, மிச்சத்தை மறந்துவிட வேண்டும். பின் சக்கர டிரம்மைத் திறந்தால் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகி நிற்பதற்கும் காரணம் அந்தக் குடித்த தண்ணீர்தான்.

ஹெரால்டில் நான் பயப்படுகிற இடம் ஒன்றே ஒன்று. முன் சக்கரத்தைத் தாங்குகிற எஃகுத் தண்டின் அடிப்பகுதி, பித்தளை டிரனியன் என்ற மரையில் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றுகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும், தொண்ணூறாம் நம்பர். நம் ஷெட்களில் நிப்பிள் என்று ஒன்று கண்ணில் பட்டால் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். கிரீஸ் மரையின் மேலே வரை ஏறாது, போன இடத்திலும் கெட்டியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீரில் போன வண்டியில் அந்த இடைவெளியில் தண்ணீர் நின்று, தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி விழும். மழைக்காலம் முடிந்த வீடுகளுக்கு நான் முதலில் போவது இதற்காகத்தான். பழைய கலங்கல் வெளியேறிச் சுத்தமான ஆயில் கசிகிறவரை அடித்துக்கொண்டே இருப்பேன். முகப்புக் கண்ணாடிச் சட்டத்துக்கு நிக்கல் பூச்சு போடுவதில் இருக்கிற அக்கறை இதில் கார்க்காரர்களுக்கு வருவதில்லை. என்ன செய்வது, டிரனியன் போட்டோவில் தெரியாதே.

இனி வேலை செய்கிற உடம்பைப் பற்றி. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை கொட்டும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? தலையில் துண்டு கட்டாமல் கார்புரேட்டரைத் திறந்தால் புருவத்து வியர்வை நேரே ஜெட்டுக்குள் விழும். வண்டிக்கு அடியில் படுக்க அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்துக்கொள்வோம், ஆயிலையும் வியர்வையையும் அது குடித்துக்கொள்ளும். ஃபேன் கட்டாயம் வேண்டும், ஆனால் பிரேக் டிரம் திறக்கும்போது நிறுத்திவிட வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூளை ஊதிப் பறக்கவிடுவது பல ஷெட்களில் இன்னும் பழக்கம். நான் ஈரத்துணியால் துடைத்து எடுக்கிறேன். புழுக்கம்தான், வேறு வழியில்லை. அப்புறம் அந்த 230 வோல்ட் கைவிளக்கு. வியர்வையில் நனைந்த ஆள், நனைந்த தரை, உரசி உரசி உரிந்த ஒயர், மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ காலமாக 12 வோல்ட் விளக்குதான், காரின் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர் வருகிற வீடுகளும் உண்டு, வராத வீடுகளும் உண்டு. என் பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும்.

பெயின்ட் கதை தனி. நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பழைய முறை என்.சி. பெயின்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிதமிஞ்சி இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பெயின்ட் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்து ஓரளவு சமாளிக்கலாம். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்றால் சமாளிப்பு போதும். முழு வண்டி என்றால் தை, மாசிதான். இதில் நான் யாருக்கும் இறங்கி வருவதில்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குத் தண்ணீரென்றால் ஆசை. பகலில் டேங்க் சூடாகி ஆவியை வெளியே விடும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். ஓடாமல் நிற்கிற வண்டியில் நாளாக நாளாகத் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், டேங்க் அங்கிருந்து துருப்பிடிக்கும். பழைய பெட்ரோல் பம்பின் ரப்பரும் இதற்குப் பழகியதல்ல. எனவே ரப்பர் சாமான்களை மாற்றச் சொல்வேன். வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி நிறுத்தச் சொல்வேன், காற்றுக்கு இடம் குறையும். கத்திரியில் நடுவழியில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றால் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றும் அந்த அம்பாசடர் டிரைவர் வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது.

ஆக, இந்த வேலையில் பாதி காத்திருப்பது. வெயில் ஏறக் காத்திருப்பது, காற்று மாறக் காத்திருப்பது, மாதம் மாறக் காத்திருப்பது. அதற்கு யாரும் கூலி தருவதில்லை. ஷெட்டில் நான் உட்கார்ந்திருந்தால் கார்க்காரருக்குத் தெரியாது. வீட்டிலோ ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். “என்ன மேஸ்திரி, வந்ததிலிருந்து சும்மாவே உட்கார்ந்திருக்கீங்க?” என்று ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். “தகடு இன்னும் ஈரமா இருக்கு சார்” என்றேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காய்ந்துதானே இருக்கிறது என்றார். தினக்கூலி பேசினால் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல வேண்டும். அதனால் இப்போது எல்லாமே மொத்தக் காண்டிராக்ட். கூட இருக்கிற தம்பிக்கு மட்டும் நாள் சம்பளம், அது என் கையிலிருந்து போகிறது. காத்திருக்கும் நேரத்தில் அவன் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, அளவு வாரியாகப் பிரித்து, எண்ணெய் காகிதத்தில் சுற்றி வைப்பான். சும்மா இருப்பதாகத் தெரியாத வேலை அது ஒன்றுதான்.

இப்போது கையில் இருப்பது அடையாறில் ஒரு நாலு கதவு ஹெரால்டு. ஆவணியில் மகள் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. பிரேக், டிரனியன், பெட்ரோல் லைன் எல்லாம் ஆடிக்குள் முடித்துத் தருகிறேன், பெயின்ட் தைக்கு என்றேன். “பிரைமர் கலர் வண்டியிலயா மாப்பிள்ளை வருவார்?” என்றார் அந்தம்மா. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். பழைய பெயின்டைச் சுரண்டவே வேண்டாம், நன்றாகப் பாலிஷ் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொள்ளலாம். இடது மட்கார்டில் இருக்கிற துருவைப் பூக்காரரிடம் சொல்லி மறைத்துக்கொள்வதாக ஏற்பாடு.