சாம்புவின் தட்டு: ஆறு வாரக் குறிப்பு

எங்கள் பூனை சாம்புவுக்கு ஒன்பது வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிறந்தவள். மார்ச் கடைசியில் ஒருநாள் கிண்ணத்தைப் பார்த்து ஓடி வந்தாள், ஒரு வாய் கடித்தாள், வீலென்று கத்திக்கொண்டு பின்னால் துள்ளினாள். கடித்த உலர் தீனி உடையாமல் தரையில் கிடந்தது. எச்சிலில் நனைந்து, ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. அதற்கு முந்தைய பத்து நாளும் வெயிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றே நினைத்திருந்தோம். பசியில்லாத பூனை ஓடி வராது என்பது அப்போது தோன்றவில்லை.

குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய் ஈறு முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. பூனைக்கு 30 பல், அதில் மூன்றை எடுத்தாக வேண்டும். ரத்தப் பரிசோதனை, வீக்கம் குறைய மருந்து, அப்புறம்தான் மயக்கம் கொடுத்து எடுப்பது என்று மூன்று வாரம் தள்ளி நாள் குறித்தார்கள். “அதுவரைக்கும் பட்டினி மட்டும் போட்டுடாதீங்க” என்றார். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாத பூனைக்கு உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். அன்று எடை 3.1 கிலோ. நான் அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்க்கும் கணக்குதான்.

முதல் வாரம் முழுக்கத் தப்பு. கோழி நெஞ்சுக்கறியைக் குக்கரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, கையால் பிய்த்து வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சட்னி ஜாரில் அரைத்தேன். நெஞ்சுக்கறி எவ்வளவு அரைத்தாலும் நூல் நூலாகத்தான் வருகிறது. அந்த நூல் பல்லில் சுற்றிக்கொள்ள, முன்னங்காலால் வாயைப் பிறாண்டினாள். பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது. பக்கத்து வீட்டில் பால்சோறு போடச் சொன்னார்கள். போட்டேன், மறுநாள் வயிற்றுப்போக்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

வலிக்குப் பாராசிட்டமாலில் பாதி கொடுத்துப் பார்க்கும்படியும் ஒருவர் அக்கறையாகச் சொன்னார். பூனைக்கு அது விஷம், பாதி மாத்திரையே கொன்றுவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை.

இரண்டாவது வாரத்தில் வழி பிடிபட்டது. நெஞ்சுக்கறிக்குப் பதில் எலும்பில்லாத தொடைக்கறி வாங்கினேன். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு இட்லிப் பானைக்குள் வைத்து ஆவியில் வேகவைத்தால் சாறு கிண்ணத்திலேயே நிற்கிறது. அந்தச் சாறுதான் முக்கியம். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடும். முதல் வாரம் நான் சிங்க்கில் கொட்டியது அதைத்தான். டாரின் நிறைய இருப்பது கோழி இதயத்தில். ஈரலோடு சேர்ந்து வருவதைத் தனியாகப் பொறுக்கித் தரச் சொல்லிக் கறிக்கடையில் வாங்குகிறேன். ஈரல் மட்டும் துளிதான், அதிகமானால் வைட்டமின் ஏ சேர்ந்துபோகும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பதம்தான் என்னை அலைக்கழித்தது. கெட்டித் துவையல் போல வைத்தால் மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. கஞ்சியாக விட்டால் மூக்கில் ஏறித் தும்மினாள், நெஞ்சு மயிரெல்லாம் நனைந்தது. கடைசியில் சரிவந்தது இட்லி மாவுப் பதம்: கரண்டியைக் கவிழ்த்தால் தானாக விழக்கூடாது, ஒரு தட்டு தட்டினால் சொத்தென்று விழவேண்டும். 100 கிராம் வெந்த கறிக்கு ஐந்தாறு மேசைக்கரண்டி சாறு, சூடாக இருக்கும்போதே அரைத்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்கினேன். நார் மேலே நின்றுவிடுகிறது, கீழே வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. கிண்ணத்தையும் மாற்றினேன். விளிம்பில்லாத தட்டையான பீங்கான் தட்டில் மெழுகினாற்போலப் பரப்பி வைத்தேன். அன்று சாம்பு பல்லே படாமல், நாக்கால் மட்டும், இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து, தட்டு பளபளக்கும்வரை நக்கினாள். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சூடும் பார்க்க வேண்டும். பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல், சாப்பாடும் கிட்டத்தட்ட அந்த வெதுவெதுப்பில் இருந்தால்தான் வாசனை எழும்பும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் தொடமாட்டாள். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, வேளைக்கு மூன்று கட்டி எடுத்து, கிண்ணத்தில் போட்டு வெந்நீரில் நிறுத்துகிறேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்குப் போகும்.

ஒருநாள் அம்மா உதவியாக அவரே வேகவைத்து வைத்திருந்தார். அரைக்கப் போனால் வாசனை வேறு மாதிரி. “கவிச்சி அடிக்குமேன்னு நாலு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டேன்டி” என்றார். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்கும். அன்றைய கறியை நாங்கள் குழம்பு வைத்துக்கொண்டோம். அம்மாதான் பாவம், ராத்திரி வரை சாம்புவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனுக்கு ஆசைப்பட்டு வாரம் இரண்டு நாள் கிழங்கான் வேகவைத்துக் கொடுத்தேன். சதை பஞ்சு மாதிரி, அரைக்கவே வேண்டாம். முள்ளை மட்டும் விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள் விசைப்படகு போகாது. சோலை நகரிலிருந்து கூடை கொண்டுவரும் ஆயா, “கட்டுமரத்து மீனுதாம்மா, வெலைய கேட்டா நீயே பயப்புடுவ” என்றார். மீனை நிறுத்திவிட்டேன்.

வெறும் கறி மட்டும் ரொம்ப நாளைக்குப் போதாது, சுண்ணாம்புச்சத்து குறைந்துபோகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் பாதி நம் வீட்டு விழுது, பாதி கடையில் விற்கும் ஈரத்தீனி பவுச். அதிலுள்ள துண்டுகளையும் மசித்தே கலக்கிறேன். நம் பங்குக்கு, கழுவி வறுத்துப் பொடித்த முட்டை ஓடு, அரைக் கிலோ கறிக்கு அரை டீஸ்பூன்.

ஏப்ரல் நான்காவது வாரம் பல் எடுத்தார்கள். முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது. திரும்பி வந்த மாலை தள்ளாடிக்கொண்டே தட்டிருக்கும் இடத்துக்குப் போய் நின்றாள். ஒரே ஒரு கட்டி, கொஞ்சம் கூடுதலாகத் தளர்த்தி வைத்தேன். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தையல் ஆற இரண்டு வாரம் விழுதேதான்.

நேற்று வடிகட்டாமல் கொடுத்துப் பார்த்தேன், குருணையாக. எதுவும் வாயிலிருந்து விழவில்லை, தலையும் சாயவில்லை. இன்று காலை எடை 3.5 கிலோ. ட்ரேயில் ஆறு கட்டி மிச்சம் இருக்கிறது, நாளை சாயங்காலம் கறிக்கடைக்குப் போகவேண்டும்.