முட்டிச் சில்லு உடைந்த பிறகு

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் எனக்கு, வேலை என்றாலே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்வதுதான். சென்ற ஆண்டு ஆனி மாத மழையில் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது, பாசி படிந்த படியில் வழுக்கி, முழங்கால் நேராகக் கல்லில் மோதும்படி விழுந்ததில் வலது முட்டிச் சில்லு குறுக்கே இரண்டாக உடைந்தது. வலி ஒருபுறம் இருக்க, இனித் தரையில் உட்கார முடியுமா என்ற கேள்விதான் என்னை வாட்டியது. அதைத் தாண்டி வந்த விதத்தை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

செய்தி பரவியதும் உறவினர்களில் பாதிப் பேர் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லின் மேல்விளிம்பைப் பற்றியிருக்கிறது. கீழ்முனையிலிருந்து ஒரு தசைநார் கீழ்க்கால் எலும்புக்குச் செல்கிறது. சில்லு குறுக்கே உடைந்து விலகிவிட்டால் தசை மேல்துண்டை மேலே இழுத்துக்கொள்ளும் என்பதால், வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் துண்டுகள் ஒன்றுசேரா. அதனால் அறுவை செய்து, இரண்டு எஃகுக் கம்பிகளைச் சில்லுக்குள் செலுத்தி, அவற்றின் முனைகளைச் சுற்றி மெல்லிய கம்பியை எட்டு வடிவில் வளைத்து முறுக்கிக் கட்டினார்கள். கம்பியோடே காலம் தள்ளுகிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று விளங்கியது. பிந்தைய எக்ஸ்ரேயில் முறுக்கின் முனை மடங்கியிருந்த நேர்த்தியைப் பார்த்து, நல்ல கைவேலை என்று மனத்துக்குள் பாராட்டிக்கொண்டேன்.

உண்மையான சோதனை அதன்பின் வந்தது. கட்டிலில் படுத்தபடி காலை நீட்டி, முட்டியை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கச் சொன்னார்கள். கால் அசையவே இல்லை. வெள்ளிக் கட்டிகளைத் தூக்கிப் பழகிய உடம்பு, தன் காலைத் தூக்க மறுத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மனசு வச்சா முடியும்" என்றார்கள். ஆறுதலாகச் சொன்ன சொல்தான் என்றாலும், அதைக் கேட்கக் கேட்க, எனக்கு மனத்திடம் போதவில்லை என்ற எண்ணமே வலுத்தது. பிசியோதெரபி செய்த பெண்தான் அதை மாற்றினார். மூட்டுக்குள் அடிபட்டு நீர் கோத்து வீங்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் தொடைத் தசையை ஏவும் கட்டளையைத் தாமாகவே அடக்கிவிடுகின்றன என்றும், வீக்கம் வடிந்து தசை மீண்டும் பழக்கப்படும் வரை எப்பேர்ப்பட்ட தைரியசாலிக்கும் இதே கதிதான் என்றும் சொன்னார். அன்றிரவு வலி குறையவில்லை. ஆனால் என்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்துவது போலத் தொடையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியைச் செய்துகொண்டே இருந்தேன். தொடைக்குமேல் உள்ளங்கையை வைத்தால், தோலுக்கடியில் தசை லேசாகத் துடிப்பது கைக்குத் தெரியும். அந்தத் துடிப்பு வந்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

மடக்குவதற்கு அனுமதி கிடைத்தபோது முழங்கால் 30 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. சமதளத்தில் இயல்பாக நடக்க 60 டிகிரி, நாற்காலியில் வசதியாக அமர 90 டிகிரி, சம்மணத்துக்கு அதைவிட வெகுவாகக் கூடுதல் என்று கணக்குத் தெரிந்ததும், 'எப்போது குணமாகும்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். வலியைக் கண்டு பின்வாங்கியபோது அந்தப் பெண் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அண்ணா, இழுக்குற வலியும் குத்துற வலியும் ஒண்ணு இல்லைங்க. இழுத்தா கொஞ்சம் தாங்குங்க. குத்துனா உடனே நிறுத்திடுங்க." எந்த வலிக்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தறிய முடிந்தபின், பயிற்சி நேரத்தை எண்ணி நடுங்குவது நின்றது.

சோர்ந்த நாட்களும் உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரண்டபோது நான் காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பட்டறையிலிருந்து கொலுசுச் சங்கிலிகளை எடுத்துவந்து, மேசையில் வைத்துக் கொக்கி கோக்கும் வேலையைக் கொடுத்தாள். அப்போது கிடைத்த கூலி அற்பம். ஆனால் கை ஓடும்போது மனம் காலைவிட்டு நகர்ந்தது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்ற விதியை ஊன்றுகோல் காலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். ஏறுவதைவிட இறங்குவதே வெகுநாள் சிரமமாக இருந்தது. உடம்பின் எடையைத் தொடைத் தசை மெல்ல விட்டுக்கொடுத்தே தாங்க வேண்டியிருப்பதால் முட்டிச் சில்லின்மேல் அழுத்தம் கூடுகிறதாம். தழும்பின் வெளிப்பக்கம் இன்னும் மரத்தே இருக்கிறது. அறுவையின்போது சிறு தோல்நரம்பு அறுபடுவதால் வருவது அது, நடைக்குத் தொடர்பில்லை என்று முன்பே தெரிந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது பட்டறையில் மணைப்பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்காருகிறேன். அரைமணிக்கொரு முறை காலை நீட்டிக்கொள்ள வேண்டும். மண்டியிட்டால் கம்பிமுனை தோலுக்கடியில் நெருடுகிறது. எலும்பு கூடிவிட்டதால் கம்பியை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தீபாவளி ஆர்டர்கள் முடியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.